தாய்மொழியின் தாய்க்கு எத்தனை எழுத்து?

நம் பென்னலூரைத் தொட்டுச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே மேற்கு நோக்கிச் செல்வோமாயின், ஒரே பெயரை இருமுறை படிப்போம். முதலில் பெரும்புதூர், கிருட்டினகிரியைக் கடந்தபின் ஓசூர். தலபுராணம் பெரும்புதூரைப் பூதங்களோடு இணைத்துப் பூதபுரி என்று கூறும். மக்கள் நாவில் அது பெரியதொரு புது ஊரே. ஓசூரைக் கன்னடர் ‘ஹொசூரு’ என்பர். ‘ஹொஸ’ என்றால் புதிய. ‘ஊரு’ என்றால் ஊர். ஆக, ஓசூரும் ஒரு புதூர்தான். அதே சாலையில் கருநாடகத்தினுள் மேலும் சென்றால் சித்திரதுர்க்கத்துக்கு முன்னர் ஹிரியூர் வரும். அது நம் பேரூர். தருமபுரிப் பக்கம் காவிரி வீழும் ஒகேனக்கல்லும் இத்தகையதே. ‘ஹொகெ’ என்பது புகை. நீர்த்திவலை புகையாய் எழும் கல் அது.

புலி அங்கே ஹுலி, பல் ஹல்லு, பால் ஹாலு, பன்றி ஹந்தி. தமிழில் சொல்லின் முதலில் பகரம் நிற்கும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம் நிற்கிறது. எங்கோ ஓரிடத்தில் நிகழ்ந்த திரிபன்று இது. தொன்றுதொட்டு வழங்கும் சொற்களில் ஒழுங்காக நிகழ்வது. இரண்டில் எது பழையது என்னும் வினாவுக்கும் விடை உண்டு. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் பாலும் புலியும் பகரத்தோடே நிற்கின்றன. 10ஆம் நூற்றாண்டுக்குப் பின்னரே ஹகரம் மெல்ல மெல்ல அதன் இடத்தைக் கைப்பற்றுகிறது. எனவே தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவான மூதாதை மொழியில் அச்சொற்கள் பகரத்தில் தொடங்கின என்று துணிந்து கூறலாம். எழுத்தில் எவரும் காணாத ஒரு மொழியின் ஒலியை இவ்வாறுதான் மீட்டெடுக்கின்றனர். இப்பணி இருநூறு ஆண்டுகளாக நடந்து வந்த வரலாற்றையும், அது தமிழைப் பற்றி நமக்கு உணர்த்துவதையும், எழுத்தோடு வாழும் நம் வட்டத்துக் கவிஞர் பெருமக்களிடம் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கம் சென்னையில் நிகழ்ந்தது. 1812இல் அமைந்த சென்னைக் கோட்டைக் கல்லூரியை வழிநடத்திய எல்லிசு துரை, 1816இல் காம்பெல் வெளியிட்ட தெலுங்கு இலக்கணத்துக்கு ஒரு முன்னுரை வரைந்தார். தமிழ், தெலுங்கு, கன்னடச் சொல்வேர்களை அடுத்தடுத்து நிறுத்தி, இவை வடமொழியின் வழிவந்தன அல்ல, தமக்குள் ஒரு குடும்பம் என்று அதில் நிறுவினார். அக்கல்லூரியின் பட்டாபிராம சாஸ்திரி போன்ற புலவர்களின் உழைப்பும் அதற்குப் பின்னணியாக இருந்தது. நம் தொண்டைமண்டலத்துக் காணியாட்சி முறை பற்றி 1818இல் விரிவாக எழுதியவரும் இதே எல்லிசுதான். அவர் 1819இல் மறைந்தார். குடும்பத்தின் இலக்கணத்தை முழுதும் வகுக்கும் பணி, நாற்பதாண்டு கழித்து, 1856இல் கால்டுவெல் பெருமகனாரால் நிறைவேறிற்று. இதெல்லாம் நாம் நன்கு அறிந்தது. மீண்டும் விரித்தல் வேண்டா. நாம் அவ்வளவாக அறியாதது அதற்குப் பின்னர் நடந்தது. குடும்பம் ஒன்று என்று கண்டாயிற்று. அக்குடும்பத்தின் தாய் எவ்வொலிகளைப் பேசினாள் என்பதே அடுத்த வினாவாயிற்று.

இவ்வினாவை நம்மினும் முன்னரே எதிர்கொண்டோர் செமித்திய மொழியறிஞர்கள். அவர்தம் வழியை ஒருகணம் நோக்குவது நமக்குப் பயன்தரும். அரபியில் அமைதிக்கு ‘ஸலாம்’; எபிரேயத்தில் ‘ஷாலோம்’; அரமேயத்தில் ‘ஷ்லாமா’. காளைக்கு அரபியில் ‘தவ்ர்’, அத்தகரம் நுனிநாவைப் பல்லிடையே வைத்து ஊதும் ஒலி, எபிரேயத்தில் ‘ஷோர்’, அரமேயத்தில் ‘தோரா’. எபிரேயத்தை மட்டும் அறிந்தவருக்கு ஷாலோமின் ஷகரமும் ஷோரின் ஷகரமும் ஒன்றே. அரபியையும் அரமேயத்தையும் பக்கத்தில் நிறுத்தியவுடன் அவை இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. முற்காலத்தில் இரு வேறு ஒலிகளாக இருந்தவை எபிரேயத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன என்பது தெளிவாகிறது. இவ்வாறு ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, மூலச் செமித்திய மொழிக்கு 29 மெய்யொலிகள் என்று கணக்கிட்டனர். எபிரேய நெடுங்கணக்கில் இருப்பன 22, அரபியில் 28. தென் அரேபியாவின் பழங்கல்வெட்டு எழுத்தில் 29உம் தனித்தனியே நிற்கின்றன.

இதில் நாம் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. செமித்திய மொழிகளுள் முதன்முதலில் எழுதப்பட்டது மெசப்பொத்தாமியாவின் அக்காதியம். நாலாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட களிமண் ஏடுகள் அதற்கு உள. எனினும் தாயின் தொண்டையொலிகளுள் பெரும்பாலானவற்றை இழந்து நின்றதும் அதுவே. மறுபுறம், ஏமன், ஓமன் மலைகளிலும் சொகோத்திராத் தீவிலும் எழுத்தே இல்லாமல் வழங்கிவந்த மெஹ்ரி, சொகோத்திரி முதலிய மொழிகளில், நாவின் ஓரத்தால் ஊதும் பழைய ஒலி ஒன்று இன்றும் உயிரோடு இருக்கிறது. அரபியிலும் எபிரேயப் பேச்சிலும் அது பிற ஒலியாய் மாறிவிட்டது. ஏடுகளின் பழைமை வேறு. ஒலியின் பழைமை வேறு. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு நம் வீட்டுக்குத் திரும்புவோம்.

றகரத்திலிருந்து தொடங்கலாம். தொல்காப்பியர் இதனை வல்லினத்தில் வைத்தார். மாணவர்கள் ஆண்டுதோறும் என்னைக் கேட்கும் வினா இது: “அம்மா, றகரம் ரகரத்தைவிடச் சற்று அழுத்தமான ஒலிதானே? அது எப்படிக் க, ச, ட, த, ப ஆகியவற்றோடு சேரும்?” நியாயமான வினாதான். இன்று நாம் ஒலிக்கும் றகரம் வல்லினத்தில் இருக்கத் தகுந்ததன்று.

இப்போது மூன்று சொற்களை மூன்று மொழிகளில் நிறுத்துவோம். அத்தை: கன்னடத்தில் ‘அத்தெ’, தெலுங்கில் ‘அத்த’. மூன்றிலும் பல்லைத் தொடும் தகரம். கட்டு: கன்னடத்திலும் ‘கட்டு’, தெலுங்கிலும் ‘கட்டு’. மூன்றிலும் நாமடி டகரம். இனி, புற்று: கன்னடத்தில் ‘ஹுத்த’, தெலுங்கில் ‘புட்ட’. பற்று: கன்னடத்தில் ‘ஹத்து’, பழைய வடிவம் ‘பத்து’, தெலுங்கில் ‘பட்டு’. கன்னடம் தகரம் என்கிறது; தெலுங்கு டகரம் என்கிறது. மூலத்தில் தகரம் இருந்திருந்தால் தெலுங்கு அத்தையைப் போலத் தகரத்தையே காட்டியிருக்கும். டகரம் இருந்திருந்தால் கன்னடம் கட்டு என்பதைப் போல டகரத்தையே காட்டியிருக்கும். ஆகவே மூலத்தில் இருந்தது இரண்டும் அல்லாத மூன்றாவது ஒலி. பல்லுக்கும் மேலண்ணத்துக்கும் இடைப்பட்ட இடத்தில், பல்லின் வேர்ப்புறத்தில் நுனிநா ஒற்றி எழும் வல்லொலி அது. அவ்விடத்திலிருந்து கன்னடம் ஒருபக்கம் சாய்ந்து பல்லைத் தொட்டது. தெலுங்கு மறுபக்கம் சாய்ந்து நாவை மடித்தது.

ஊகமாக மட்டும் நின்றிருந்தால் இதனை இவ்வளவு உறுதியாக எழுத மாட்டேன். அவ்வொலி இன்றும் கேட்கிறது. யாழ்ப்பாணத்தார் ‘காற்று’ என்று சொல்லும்போது நாம் கேட்பது அதுவே. மலையாளிகள் ‘காற்று’, ‘கயற்றம்’ என்னும் சொற்களில் ஒலிப்பதும் அதுவே. நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளில் தகரம், டகரம் இரண்டினின்றும் வேறாக அது தனித்து வாழ்கிறது. தமிழகத்துப் பேச்சில்தான் ‘காத்து’ எனத் தகரத்தோடு கலந்துவிட்டது; ஏட்டைப் படிக்கும்போது ‘ட்ர’ என்று ஒலிக்கிறோம்.

தொல்காப்பியரோ பிறப்பியலில் இதனை மிக நுட்பமாகப் பதிவு செய்திருக்கிறார். ரகர ழகரங்களுக்கு நுனிநா அண்ணத்தை ‘வருட’ வேண்டும் என்றவர், றகர னகரங்களுக்கு ‘ஒற்ற’ வேண்டும் என்றார். வருடுதல் வேறு, ஒற்றுதல் வேறு. ஒற்றினால் காற்று அடைபடும், அதுவே வல்லினம். 20ஆம் நூற்றாண்டின் ஒப்பிலக்கணம் மூன்று மொழிகளை நிறுத்திக் கண்டறிந்ததை, அவர் தம் காலத்து நாவைக் கண்டே எழுதிவைத்தார். உரையாசிரியர்கள் காலத்தில் ஒலி மாறிவிட்டது, நூற்பா மாறவில்லை.

இதற்கு இணையான நிகழ்ச்சி அரபியிலும் உண்டு. அரபியர் தம் மொழியை ‘ளாதின் மொழி’ என்று பெருமையாகக் கூறுவர்; ளாத் என்பது வேறெவர்க்கும் இல்லாத தம் எழுத்து என்பது அவர்தம் துணிபு. நாம் ழகரத்தைக் கொண்டாடுவது போன்றதே அது. 8ஆம் நூற்றாண்டில் பாஸ்ரா நகரில் வாழ்ந்த இலக்கண ஆசிரியர் சீபவைஹி, நாவின் ஓரமும் கடைவாய்ப்பல்லும் பொருந்தி எழும் ஒலி என்று அதனை விளக்கினார். இன்றைய அரபியர் பெரும்பாலோர் அதனைத் தடித்த டகரம்போல் ஒலிக்கின்றனர். சீபவைஹி சொன்னதே சரி என்பதற்குச் சான்று எசுப்பானிய மொழியில் கிடைக்கிறது. அரபியின் ‘அல்காளி’, அதாவது நடுவர், அங்கே ‘அல்கால்தே’ ஆயிற்று. இடையில் வந்த லகரம் பழைய ஒலியின் நிழல். இலங்கைத் தமிழ் முசுலிம்கள் நோன்பு மாதத்தை ‘ரமழான்’ என்று எழுதுவதும், தமிழகத்தில் ‘ரமலான்’ என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன. அரபியின் பெருமைக்குரிய எழுத்தைத் தமிழர் தம் பெருமைக்குரிய எழுத்தால் எழுதினர்!

ழகரத்துக்கே வருவோம். தமிழுக்கே உரியது ழகரம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். உண்மையில் அது குடும்பச் சொத்து. பழங்கன்னடத்திலும் பழந்தெலுங்கிலும் ழகரத்துக்குத் தனி எழுத்து இருந்தது. கல்வெட்டுகளில் அதனைக் காணலாம். பின்னர் கன்னடம் அதனை ளகரமாக்கிற்று, தெலுங்கு டகரமாக்கிற்று. நம் கோழி அங்கே ‘கோளி’, இங்கே ‘கோடி’. நம் ஏழு அங்கே ‘ஏளு’, இங்கே ‘ஏடு’. வியப்பான செய்தி, வேற்றார் தமிழ் என்னும் நம் மொழிப்பெயரைக் கேட்டபோதும் இம்மூன்று வழிகளிலேயே தடுமாறினர் என்பது. வடமொழியார் ‘திராவிட’ என்று டகரத்தால் எழுதினர். பாலி மொழியார் ‘தமிள’ என்று ளகரத்தால் எழுதினர். உரோமானிய நிலப்படத்தில் அது ‘தமிரிகே’ என ரகரத்தால் வந்தது. சோழமண்டலம் ஐரோப்பியர் நாவில் கோரமண்டலம் ஆனதும் அந்த ரகர வழியே. கேட்கும் செவிக்கு டகரமும் ளகரமும் ரகரமும் ஒருங்கே தோன்றுமாறு ஒலித்த எழுத்து அது.

நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரப் பகுதி மக்கள் ‘வாயப்பயம்’ என்பதும் இதே வரிசையில் வைக்கத்தக்கது. கன்னடர் ளகரமாக்கினர்; தெலுங்கர் டகரமாக்கினர்; எம் ஊரார் யகரமாக்கினர். வகுப்பில் நான் இதனைத் திருத்தத்தான் செய்கிறேன். அது என் தொழில். எனினும் பழம் ‘பயம்’ ஆகும்போது கிழவியும் ‘கியவி’ ஆகிறாள், மழையும் ‘மய’ ஆகிறது. இத்துணை ஒழுங்காக நிகழ்வதை மொழியியல் நோக்கில் சோம்பல் என்று கூறுதல் பொருந்தாது.

இதுவரை கூறியவற்றில் தமிழே தாயின் ஒலியைக் காத்து நின்றது, மகிழ்ச்சிதான். இனி வருவது சிலர்க்கு அத்துணை இனிக்காது.

செவி என்கிறோம். தெலுங்கிலும் ‘செவி’. கன்னடத்தில் ‘கிவி’, கோத்தர் மொழியில் ‘கெவ்’, கோண்டியில் ‘கெவி’. சார்க்கண்டின் குருக்கு மொழியில் ‘கெப்தா’. பலூச்சித்தானத்துப் பிராகுவியில் ‘கஃப்’. இவ்விரண்டிலும் முதற்ககரம் தொண்டையில் உரசி வரும். செய் என்பதற்குக் கன்னடம் ‘கெய்’, கோண்டி ‘கீ’. நீரைத் தடுத்து நிறுத்தும் சிறை என்பதற்குக் கன்னடம் ‘கெறெ’. நம் ஏரிக்கு அவர்கள் வழங்கும் பெயர் அதுவே. தெலுங்கர் ‘செறுவு’ என்பர். இங்கே மாறியது தமிழ். இகர எகரங்களின் முன் நின்ற ககரத்தைத் தமிழும் மலையாளமும் தெலுங்கும் சகரமாக்கிவிட்டன. அப்படியாயின் கிளி, கிழவன், கெடு, கேள் ஆகியவை ஏன் மாறவில்லை? தாமசு பரோ 1940களில் எழுதிய திராவிட ஆய்வுக் கட்டுரைகளில் இதற்கு விடை கண்டார். தமிழில் அடுத்து வரும் மெய் ட, ண, ள, ழ போன்ற நாமடி ஒலியாக இருந்தால் ககரம் மாறாது நிற்கும். சில விலக்குகள் உள. எனினும் இவ்விதியை அறிந்தபின் அகராதியின் ‘கி’, ‘கெ’ வரிசையைப் புரட்டிப் பாருங்கள். நாமடி ஒலிகளின் ஊர்வலமே கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது உப்பு. எம் தெருவில் குடியிருந்துகொண்டு ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குச் செல்லும் ஒடிசா இளைஞர்கள் சிலர் உளர். அவருள் ஒருவர் கந்தமால் மாவட்டத்தவர், வீட்டுமொழி குயி. மளிகைக் கடையில் உப்பைக் காட்டி, “உங்க வீட்டுப் பேச்சுல இதுக்கு என்ன பேர் தம்பி?” என்று கேட்டேன். “சாரு” என்றார். கடைக்கார அம்மா, ரசத்தைத்தான் சொல்கிறார் என்று சிரித்தார்கள். ரசமன்று, நம் உப்பேதான். கொண்டா மொழியில் ‘சோரு’, கோண்டியில் ‘சோவர்’. தாய்மொழியில் அச்சொல் சகரத்தில் தொடங்கிற்று. தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகியவை அச்சகரத்தை உதிர்த்துவிட்டன. அவ்வாறே நம் ஆறு என்னும் எண் கோண்டியில் ‘சாருங்’, ஐந்து ‘சையுங்’. வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த ஈதல் இருக்கிறதே, அதன் ஈகாரம் தனி எழுத்தாய் நின்று ஒரு சொல்லாகும் அழகை நாம் பாராட்டுவோம். குயியில் அது ‘சீ’; குருக்கிலும் ‘சி’ என்னும் அடியே. அவ்வழகிய ஓரெழுத்தொருமொழி ஒரு மெய்யை இழந்து பிறந்தது. தமிழுக்குள்ளேயே சிறகும் இறகும், சிப்பியும் இப்பியும் அருகருகே வாழ்வது, அவ்வுதிர்ச்சி நடந்துகொண்டிருந்த காலத்தின் தடம்.

சகரம் அகர ஐகார ஔகாரங்களோடு கூடிச் சொல்லுக்கு முதலாகாது என்று தொல்காப்பியம் விலக்கியதும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. அந்நூற்பாவுக்குப் பாடவேறுபாடு காட்டுவாரும் உளர். விதி உண்மையாயின், ‘சை’ என்று தொடங்கியிருந்த ஐந்து ஏன் ஐயாக நின்றது என்பதற்கு அது ஒரு பக்கச் சான்றாகும்.

இச்சான்றுகளையெல்லாம் எழுத்தில்லா மொழிகளிலிருந்து திரட்டிய உழைப்பு பெரிது. எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைப் பதிந்தார்; அவர் தொகுத்த தோடர் பாடல்கள் 1971இல் பெருநூலாக வெளிவந்தன. பரோவும் பட்டாச்சாரியாவும் நடு இந்தியக் காடுகளில் பர்சி, பெங்கோ முதலிய மொழிகளை எழுதிக்கொண்டனர். எர்ணாகுளத்தில் எல்.வி. இராமசாமி ஐயர் தனியொருவராய் எண்ணற்ற கட்டுரைகள் வரைந்தார். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகரமுதலி, 1984இல் 5,500க்கு மேற்பட்ட பதிவுகளோடு மறுபதிப்புக் கண்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் 1983இல் பி.எஸ். சுப்பிரமணியத்தின் திராவிட ஒப்பொலியியல் நூலை வெளியிட்டனர். பத்திரிராசு கிருட்டினமூர்த்தியின் 2003ஆம் ஆண்டுப் பெருநூல் இவை அனைத்தையும் ஒருங்கு கூட்டியது.

அக்கிருட்டினமூர்த்தியே, ஆய்தத்தைப் பற்றி நாம் ஒருபோதும் எண்ணிப் பாராத ஒன்றைக் கூறினார். அஃது, இஃது, பஃது ஆகியவற்றில் வரும் மூன்று புள்ளியைச் செய்யுளுக்கு ஓசை நிரப்ப வந்த அணியாகவே பலர் கருதுகின்றனர். இல்லை என்றார் அவர். மூலத் திராவிடத்தில் தொண்டையில் எழுந்த மெய் ஒன்று இருந்தது; எல்லா மொழிகளிலும் அது மறைந்தது; மறையும்போது முன்னின்ற உயிரைச் சிலவிடத்து நீட்டிற்று; தமிழில் மட்டும் ஆய்தமாய்ச் சில சொற்களில் தங்கிற்று என்று 1997இல் விரிவாக எழுதினார். ‘வா’ என்று நெடிலாகவும் ‘வரு’ என்று குறிலாகவும், ‘தா’ என்றும் ‘தரு’ என்றும் ஒரே வினை இருவேறாய் நிற்பதை இலக்கணத்தார் திரிபு என்று கூறி அமைந்தனர். இடையில் அத்தொண்டையொலி இருந்தது என்று கொண்டால் திரிபுக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது.

இதனைக் கருதுகோள் என்றே நான் கொள்கிறேன், எல்லோரும் ஒப்பியதன்று. எனினும் இத்தகைய துணிவுக்கு முன்னுதாரணம் உண்டு. 1870களின் இறுதியில், சொசூர் தம் இருபத்தொன்றாம் அகவையில், இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இருந்து மறைந்த ஒலிகள் சில உண்டு என்று கணக்கிட்டே கூறினார், பலரும் நம்பவில்லை. 1915இல் ஹிட்டைட்டு மொழியைப் படித்தறிந்தபின், 1927இல் குரிலோவிச், சொசூர் சொன்ன இடத்திலேயே அங்கு ஒரு மெய் நிற்பதைக் காட்டினார். நமக்கு ஒரு ஹிட்டைட்டு கிடைக்கவில்லை. ஆய்தம் இருக்கிறது.

இனித் தலைப்பின் வினாவுக்கு வரலாம். கிருட்டினமூர்த்தியின் கணக்கில் மூலத் திராவிடத்தின் மெய்கள் 17, உயிர்கள் 10. நம் பதினெட்டு மெய்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஙகரம் ககரத்துக்கு முன் தானே தோன்றுவது, அதனை நீக்குங்கள். னகரமும் நகரமும் தொடக்கத்தில் ஒரே ஒலியின் இருமுகங்கள். சொல்லின் முதலில் நகரம், பிறவிடத்துப் பெரும்பாலும் னகரம். ஒன்றை நீக்குங்கள். மீதம் 16. ஆய்தத்தைச் சேர்த்தால் 17. உயிர் பன்னிரண்டில் ஐகாரமும் ஔகாரமும் கூட்டொலிகள். அகர இகரம் சேர்ந்து ஐகாரமும், அகர உகரம் சேர்ந்து ஔகாரமும் ஆகும் என்று தொல்காப்பியரே கூறியிருக்கிறார். அவ்விரண்டையும் விட்டால் 10. அசோகர் காலத்துப் பிராமி எழுத்தைத் தமிழர் கைக்கொண்டபோது, வர்க்க எழுத்துகளையெல்லாம் ஒதுக்கி, அதில் இல்லாத ழ, ள, ற, ன என்னும் நான்கையும் புதிதாய்ப் படைத்துக்கொண்டனர் என்பதை ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டியுள்ளார். ஒலியை இவ்வளவு கூர்ந்து கேட்ட செவிகள் உலகில் மிகச் சிலவே.

ஆனால் எழுத்துகளின் பட்டியலைக் காத்தல் வேறு, எச்சொல்லில் எவ்வெழுத்து நின்றது என்பதைக் காத்தல் வேறு. முன்னதில் தமிழை வெல்ல எவருமில்லை. பின்னதில் தமிழும் இழந்திருக்கிறது. உப்பும் செவியும் அதற்குச் சான்று. தேவநேயப் பாவாணர் ‘திரவிடத்தாய்’ என்று நூலுக்கே பெயரிட்டு, தமிழே ஏனைய மொழிகளை ஈன்றது என்று வாதிட்டார். அவர்தம் சொல்லாராய்ச்சியில் நான் கற்றது மிகுதி. அப்பெருமகனாரின் உழைப்பை வணங்குகிறேன். இம்முடிவை மட்டும் ஏற்க இயலவில்லை. தமிழே தாயாயின், தமிழில் இல்லாத சகரம் கந்தமால் மலையிலும் கோண்டு நாட்டிலும் ஒரே சொல்லில், ஒரே இடத்தில் எவ்வாறு முளைத்தது? செவியின் ககரம் பலூச்சித்தானம் வரை எவ்வாறு சென்றது? தாயிடமிருந்து அவை நேரே பெற்றன என்பதைத் தவிர வேறு விடை இல்லை. இக்குடும்பம் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் பிரியத் தொடங்கியிருக்கலாம் என்று 2018இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. அவ்வளவு நெடுங்காலம் கடந்தும் தாயின் முகச்சாயல் மிகுதியாகத் தங்கிய மூத்த மகள் தமிழ். மூத்த மகளைத் தாய் என்று அழைத்தால் தங்கையர் வாயடைத்து நிற்பர். அவர்கள் அறிந்ததைக் கேட்காமல் போவோம்.

2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தோடா மொழி பேசுவோர் ஏறத்தாழ 1,600 பேர். எமனோ எழுதிவைத்திராவிடில், றகரத்துக்கு அவர்கள் தரும் சான்று நமக்கு எந்நிலையில் கிடைத்திருக்குமோ தெரியாது. குருக்கு பேசுவோர் 2011இல் ஏறத்தாழ 20 இலக்கம். குயி பேசுவோர் 9 இலக்கத்துக்கு மேல். அவர்களுள் சிலர் இன்று நம் ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் விடுதிகளில் தங்கியிருக்கின்றனர். அவர்களை ‘இந்திக்காரர்’ என்று ஒட்டுமொத்தமாய்க் குறிக்கிறோம். அவருட் பலருக்கு இந்தி நம்மைப் போலவே கற்றுக்கொண்ட மொழி.

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். வரும் திங்கள் கூட்டங்களுள் ஒன்றில், இவ்விளைஞர்களை அழைத்து முன்வரிசையில் அமர்த்துவோம். கவிதை வாசிக்கும் முன்னர், ஆளுக்குப் பத்துச் சொல் அவர்தம் மொழியில் சொல்லட்டும்: கண், செவி, உப்பு, புது, கொடு, செய், வா, ஐந்து, ஆறு, ஏழு. உறுப்பினர் ஒருவர் அவற்றை ஒலி பிறழாமல் நம் எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும். குருக்கின் ‘கெப்தா’வில் தொண்டையில் உரசும் அந்த முதல் ஒலிக்கு நம் பதினெட்டில் எழுத்து இல்லை, அவ்விடத்தில் மட்டும் மூன்று புள்ளி வைத்துக்கொள்ளலாம்.